இரண்டு மணி நேரத்தில் இறங்கியிருக்க வேண்டிய லிங்கதுரை

ஆடி மாதம் பதினெட்டாம் தேதி, காற்று எழும்புவதற்கு முன்னால், காலை ஆறரை மணிக்கு, முதுகில் எஞ்சினையும் தலைக்கு மேல் குடைத்துணியையும் வாலில் 'ஆடித் தள்ளுபடி ஐம்பது சதவீதம்' என்ற ஜவுளிக்கடை பேனரையும் கட்டிக்கொண்டு, ஆனைத்தேரியின் செம்மணலில் தடதடவென்று ஓடி வானத்தில் ஏறிய லிங்கதுரை, பத்தே லிட்டர் பெட்ரோலோடு போனவன், தை பிறந்தும் இறங்கவில்லை என்பதில் அவன் பெண்டாட்டி சொர்ணக்கனிக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை; அவளுக்கு இருந்ததெல்லாம் எரிச்சல்தான், அந்த எரிச்சலும் பெட்ரோலைப் பற்றியது இல்லை, பெல்ட்டைப் பற்றியது.

பாராமோட்டார் என்பது முதுகில் கூடை மாதிரி மாட்டிக்கொள்கிற சின்ன எஞ்சின். எஞ்சினின் சின்னப் புல்லியிலிருந்து விசிறியின் பெரிய புல்லிக்கு ஒரு ரப்பர் பெல்ட் போகும், ஆளைத் தூக்குவது அந்த பெல்ட்தான். அது தளர்ந்திருந்தால் வழுக்கும், வழுக்கினால் சூடேறிக் கருகும். இறுகியிருந்தாலோ எஞ்சினுக்குள் இருக்கிற பேரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அந்த இடம் சொர்ணக்கனியின் வலது கைப் பெருவிரலுக்குத் தெரியும். அப்பாவின் மாவு மில்லில் பெல்ட் பார்த்துப் பழகிய விரல் அது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது இரண்டு புல்லிக்கும் நடுவே விரலை வைத்து அமுக்குவாள், கண்ணை மூடிக்கொள்வாள், போல்ட்டைக் கொஞ்சம் திருப்புவாள், மறுபடி அமுக்குவாள், "ம்" என்பாள். அந்த ஒரு "ம்"முக்காகக் கோயம்புத்தூரிலிருந்தும் ஏலகிரியிலிருந்தும் கோவாவிலிருந்தும் பார்சல் லாரியில் எஞ்சின்கள் வந்து இறங்கின. புது பெல்ட் மாட்டித் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் தடித்த மார்க்கரால் எழுதுவாள்: 'இரண்டு மணி நேரம் ஓடியதும் ஆறவிட்டு மறுபடி பெல்ட் வைக்கவும்.' புது ரப்பர் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும் என்பது கோவாக்காரனுக்குக்கூடத் தெரிந்திருந்தது, கூடவே படுத்து எழுந்த லிங்கதுரைக்குத்தான் ஏறவில்லை.

அன்றைக்குக் காலையிலும் படித்துப் படித்துச் சொன்னாள்.

"புது பெல்ட்டு. ரெண்டே மணி நேரம். எறங்கி வந்துரணும், கேட்டியளா?"

"கேட்டேன், கேட்டேன். ஏட்டி, பெல்ட்டு இழுவை பத்துமா? பின்னால பேனரு வேற கெடக்கு."

"எல்லாம் பத்தும். நீங்க ஒண்ணையும் தொடாதிய."

அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து அவள் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவன் பனைமரங்களுக்கு மேலே போய்விட்டிருந்தான்.

கணக்குப்படி பெட்ரோல் ஒன்பதரை மணிக்குத் தீர்ந்தது. தீர்ந்த செய்தி எஞ்சினுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. முதல் மூன்று நாள் ஊர் முழுக்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றது. நான்காம் நாள் ஆடிக் காற்றில் யார் வீட்டுத் தகரமோ பறக்க, எல்லோரும் அதைப் பிடிக்க ஓடினார்கள். ஐந்தாம் நாள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. தேரி மணலிலிருந்து கடற்கரைக்கு, கடற்கரையிலிருந்து மாதா கோயில் கோபுரத்துக்கு, கோபுரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து மறுபடி தேரிக்கு என்று அவன் ஒரு சுற்றுச் சுற்றிவர இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று, ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. ஆவணி பிறப்பதற்குள் பெண்கள் அதை ஒரு அளவாகவே எடுத்துக்கொண்டு, "கறி ரெண்டு தொரை வேகட்டும்", "ஒரு தொரை ஊற வச்சா போதும்" என்று பேச ஆரம்பித்தார்கள். நிலக்கடலைக் காட்டில் மயில் இறங்குவது நின்றது. அவன் நிழல் மேலே விழுந்தால் தட்டிப்போகிற சம்பந்தம் கூடிவரும் என்று யாரோ கிளப்பிவிட, கல்யாணமாகாத நாற்பது வயதுக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் நிழலின் பின்னாலேயே ஓடினார்கள், அதில் இரண்டு பேருக்குக் கூடியும் வந்துவிட்டது. மின்சார வாரியத்தார் வந்து கம்பிக்கு மேலே அறுபது அடி தள்ளிப் போகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ரேஷன் கடைக்காரர் கைரேகைக் கருவியை மூங்கிலில் கட்டித் தூக்கிப் பிடித்து, அவன் தாழ்ந்து வரும் ஒரு கணத்தில் ரேகை வாங்கிக்கொண்டு அரிசி போட்டார். ஆள் குடியிருக்கிறானா என்று விசாரிக்க வந்த அதிகாரி, முகவரி என்ற இடத்தில் 'மேற்படி ஊர், மேலே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜவுளிக்கடைக்காரர்கள்தான் கொஞ்ச நாள் குதித்தார்கள். புரட்டாசியில் மேனேஜர் காரில் வந்து இறங்கி, தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிற சனம் வானத்தைக் காட்டி ஆடித் தள்ளுபடி கேட்கிறது, நோட்டீஸ் விடுவோம், கோர்ட்டுக்குப் போவோம் என்று கத்திவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் கடையில் தள்ளுபடியைத் தொடர்ந்தார்கள், கூட்டம் தாங்கவில்லை, கார்த்திகையில் அதே மேனேஜர் சால்வையோடு வந்தார்.

"சால்வை கெடக்கட்டும் சார்," என்றாள் சொர்ணக்கனி. "பெல்ட்டுக்கு என்ன வழி?"

"எந்த பெல்ட்டும்மா?" என்றார் அவர்.

இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு மனுஷன் பெட்ரோல் இல்லாமல் பறக்கிறான், அது பாட்டுக்குப் பறக்கட்டும், உலகத்தில் எத்தனையோ நடக்கிறது; ஆனால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி வைக்க வேண்டிய பெல்ட்டை நான்கு மாதமாக வைக்கவில்லையே என்று ஒரு நாதி கேட்கவில்லையே! தினமும் மத்தியானம் தூக்குவாளியோடு தண்ணீர்த் தொட்டியின் எண்பத்து நான்கு படியை ஏறி, வாளியைக் கொக்கிக் கம்பில் மாட்டி நீட்டுவாள். அவன் சர்ரென்று தாழ்ந்து வந்து எட்டி எடுத்துக்கொண்டு, நேற்றைய வாளியைப் போட்டுவிட்டுப் போவான். அந்த இரண்டு நொடிக்குள் அவள் "பெல்ட்டு! பெல்ட்டு!" என்று கத்திக்கொண்டே பெருவிரலை நீட்டி அமுக்கிக் காட்டுவாள். அவனும் தாடிக்குள் சிரித்துக்கொண்டே பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவான். அவளுக்கு வாளியைத் தூக்கி அவன் மண்டையிலேயே எறியலாமா என்று வரும்.

அவள் கத்துவதைக் கேட்ட பிறகு ஊரில் யோசனைக்குப் பஞ்சமில்லை. ஒருத்தி சோப்புக்கட்டியைச் சாப்பாட்டோடு அனுப்பி பெல்ட்டில் தேய்க்கச் சொல் என்றாள். ஒருத்தர் குட்டிக்கூரா பவுடர் என்றார். பூசாரி எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து எஞ்சினில் கட்டச் சொன்னார், அதையும் லிங்கதுரை வாங்கிக் கட்டிக்கொண்டான். இத்தனைக்கும் இறங்குவது ஒரு பெரிய வித்தையே இல்லை. கையில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கினால் எஞ்சின் நிற்கும், குடைத்துணி அவனைப் பூப்போல மணலில் கொண்டுவந்து வைத்துவிடும். ஏன் அமுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பொறுப்பில்லாமல் சுற்றுவது அவனுக்குப் பிறவிக் குணம், கீழே சுற்றியவன் மேலே சுற்றுகிறான் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

தை பதினைந்தாம் தேதி தொட்டி மேல் நிற்கும்போது, அவன் தலைக்கு மேல் கடந்து போன சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் அவள் காதில் விழுந்தது. ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தால் வருகிற மாதிரி மெல்லிசாக ஒரு கீச்சு. அடுத்த சுற்றுக்கும் நின்று கேட்டாள், அதற்கடுத்த சுற்றுக்கும் நின்றாள். பெல்ட் வழுக்கினால் முறுக்கும்போது மட்டும் கத்தும், விட்டால் அடங்கும். இது விடாமல் கேட்டது. இது பெல்ட் இல்லை, பேரிங். பேரிங் கத்துகிறதென்றால் பெல்ட் தளரவில்லை, இறுகியிருக்கிறது. ஆறு மாதம் ஓடி இளகிய பிறகும் இறுகியிருக்கிறதென்றால், அவள் வைத்த இடத்தில் அது இல்லை, அவளுக்கு அப்புறம் யாரோ ஸ்பானர் போட்டிருக்கிறார்கள். அவள் பால் பார்க்கப் போன நேரத்தில் மணலில் எஞ்சினோடு இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

சொர்ணக்கனி தொட்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருடைய எஞ்சினில், அவள் வைத்து முடித்த பெல்ட்டை, "இன்னும் கொஞ்சம் இழுத்தா நல்லாத் தூக்கும்" என்று லிங்கதுரை இழுத்துவிட்டான். அந்த எஞ்சின் ஒரே வாரத்தில் உடைந்து, ஆள் முருங்கைத் தோட்டத்தில் விழுந்து பிழைத்தார். இனிமேல் தொட்டால் இந்த ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, இந்த வீட்டிலும் வைக்கக் கூடாது என்று அவள் சொன்னாள். தொடமாட்டேன் என்று அவள் தலையில் அடித்து அவன் சத்தியம் பண்ணினான். ஆடியிலிருந்து தனக்கு ஏன் ஓயாமல் தலையை வலிக்கிறது என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எந்த எஞ்சின் இறங்கினாலும் ஓட்டினவனுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அவள் பெல்ட்டில் கை வைப்பாள், அது அவள் வழக்கம். இறங்கினால் அந்த விரல் வரும், விரல் வந்தால் தெரிந்துவிடும். அதற்குப் பயந்துகொண்டு ஒரு மனுஷன் ஆறு மாதம் மழையிலும் வெயிலிலும் அந்தரத்தில் தொங்கியிருக்கிறான், அதைச் சாதனை என்று ஊர் கொண்டாடியிருக்கிறது.

வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. அந்தக் கீச்சு இன்னும் மூன்று நாள் தாங்கினால் அதிகம். பேரிங் உடைந்தால் எஞ்சின் இறுகி நிற்கும், விசிறி சிதறும், சிதறுகிற துண்டு குடைத்துணியின் நூல்களை அறுக்கும், அறுந்தால் ஆள் கல்மாதிரி விழுவான். வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் பஞ்சாயத்துத் தலைவர் தாசனிடம் ஓடினாள்.

"அண்ணாச்சி, அவுகளை எறக்கியாகணும். பேரிங்கு போச்சு."

"எறக்கவா?" தாசன் பதறிப்போனார். "ஏம்மா, மாசி எட்டு கோயில் கொடை. சாமி பொறப்படுத நேரம் மேலேருந்து பூப் போடச் சொல்லி நோட்டீஸே அடிச்சாச்சு. அதுவரைக்கும் தாங்காதா?"

"பேரிங்குக்குக் கொடைத் தேதி தெரியாது அண்ணாச்சி."

"நாம எடுத்துச் சொல்லுவோம்," என்றார் அவர்.

சொன்னபடியே அன்று சாயங்காலம் கூட்டம் கூட்டி, கொடை முடியும்வரை எஞ்சின் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். சொர்ணக்கனி தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள், அது அவளுக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் காலையில் மைக்செட் இசக்கியைப் பிடித்து, கொடைக்காக வாங்கி வைத்திருந்த நான்கு ஒலிபெருக்கிக் குழாயையும் தண்ணீர்த் தொட்டியின் நான்கு பக்கமும் கட்டச் சொன்னாள். அவன் தேரிப் பக்கம் திரும்பி வரும் நேரம் பார்த்து மைக்கை எடுத்தாள்.

"இங்கேருங்க! நீங்க போல்ட்டைத் திருப்புனது எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒண்ணும் சொல்ல மாட்டேன். எறங்கி வாங்க!"

கீழே கூடியிருந்தவர்களுக்கு எந்த போல்ட் என்று புரியவில்லை. லிங்கதுரைக்கு நன்றாகப் புரிந்தது. கீச்சென்று எஞ்சினை முறுக்கிக்கொண்டு இருநூறு அடி மேலே போய்விட்டான்.

"யக்கா, மேல போறாவளே," என்றான் இசக்கி.

"பாத்துக்கிட்டுதான இருக்கேன்," என்றாள் அவள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கும் அவன் தாழ்ந்து வரவில்லை. முறுக்கி ஏறியதில், அத்தனை உயரத்திலிருந்தும் கீச்சு இன்னும் கூர்மையாகக் கேட்டது. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு சொர்ணக்கனி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவனை இறக்க இன்னொரு வாக்கியம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கீழே ஷெட்டில் மூன்று எஞ்சின்கள் பிரித்துக் கிடந்தன, அவற்றைக் கொண்டுவந்த கோயம்புத்தூர்க்காரர்கள் இருவரும் வேனோடு அங்கேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாக்கியத்தைச் சொன்னால் அப்புறம் இந்த விரலை நம்பி ஒருத்தனும் வானத்துக்குப் போக மாட்டான். பதினெட்டு வருஷமாகச் சம்பாதித்த பெயர், அதில் ஒரு சல்லிக்கூட அந்த மனுஷன் சம்பாதித்துக் கொடுத்தது இல்லை. செத்தால் சாகட்டும் என்று ஒரு சுற்று நேரம் முழுக்க நினைத்தாள். அடுத்த சுற்றில் அவன் கடந்துபோகும்போது கால்செருப்பில் ஒன்று இல்லாமல் ஒரு கால் வெறுங்காலாகத் தொங்குவதைப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது.

மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ஆடியில அந்த பெல்ட்டை நான்தான் கூடுதலா இழுத்து வச்சிட்டேன். கை தவறிப் போச்சு. தப்பு என்னோடது. எறங்கி வாங்க."

ஒரு துரை நேரம்கூட ஆகவில்லை. எஞ்சின் நின்ற அமைதி ஊருக்குப் புதிதாக இருந்தது, நாய்கள் எழுந்து உட்கார்ந்தன. லிங்கதுரை, மார்பு வரை தாடியும் தோளில் காய்ந்த எலுமிச்சம்பழமுமாக, ஆடித் தள்ளுபடியை மணலில் இழுத்துக்கொண்டு வந்து இறங்கினான். மாலை போட்டார்கள். தாசன் கொடையை நினைத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டே அவரும் ஒரு மாலை போட்டார்.

"என்னம்மா இப்பிடிப் பண்ணிட்டே, ஒரு உசுரு விசயமில்லா?" என்று கூட்டத்தில் யாரோ சொர்ணக்கனியைப் பார்த்துக் கேட்க, லிங்கதுரை கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினான்.

"விடுங்க, அவளை ஒண்ணும் சொல்லாதிய. யாருக்கும் கை தவறத்தான் செய்யும்," என்றான். பெருந்தன்மையில் அவன் குரலே தழுதழுத்தது.

சொர்ணக்கனி எஞ்சினை அவன் முதுகிலிருந்து கழற்றி, தானே தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். விசிறியைப் பிடித்து ஆட்டினால் உள்ளே பேரிங் கடகடவென்றது, இன்னும் அரை நாள் தாங்கியிருக்காது. கோயம்புத்தூர்க்காரர்களில் மூத்தவர் வாசலில் வந்து செருமினார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கக்கா. மேல போறது நம்ம பசங்க பாருங்க," என்று சொல்லிவிட்டு, பிரித்துக் கிடந்ததையெல்லாம் சாக்கில் அள்ளி வேனில் ஏற்றினார். அவளே ஒரு கை கொடுத்து ஏற்றிவிட்டாள். அதற்குள் ஏலகிரியிலிருந்து போன் வந்தது, அடுத்து கோவாவிலிருந்து வந்தது, பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, திருப்பை எண்ணிக்கொண்டே போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வந்து, பெருவிரல் "ம்" என்ற இடத்தில் நிறுத்தினாள். பிறகு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள்.

லிங்கதுரை குளித்து, தாடியோடேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான்.

"கொழம்புல உப்புக் கம்மியா இருக்கு," என்றான்.

அவன் உயிரோடு உட்கார்ந்து உப்புக்குக் குறை சொல்வது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. உப்பு டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"எம்புட்டுத் திருப்புனிய?"

"அரைத் திருப்புத்தான்," என்றான் லிங்கதுரை, வாயில் சோற்றோடு.

அவன் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அவளைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், வாசல் வழியே தெரிந்த ஷெட்டைப் பார்த்தான். சொர்ணக்கனி மடியிலிருந்து பெல்ட்டை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"எஞ்சினு ஓடும். விசிறி சுத்தாது," என்றாள். "மைக்செட்டை இன்னும் கழட்டலை."

"கனி, ஊரு என்னைய என்ன நெனைக்கும்? இப்பதான மாலை போட்டாவ."

"என்னைய என்ன நெனைக்காவன்னு எறங்குனதுலேருந்து பாத்தியள்லா?"

அவன் பாதிச் சோற்றில் எழுந்திருக்கப் பார்த்தான்.

"சாப்புட்டுட்டே போங்க," என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அவன் மெதுவாகச் சாப்பிட்டான், மெதுவாகக் கை கழுவினான், சட்டைப் பொத்தானை மேலிருந்து கீழே போட்டுவிட்டுக் கீழிருந்து மேலே சரிபார்த்தான். பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தான், ஆறு மாதமாக நடக்காத கால் மணலில் தடுமாறியது. சொர்ணக்கனி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கும்போது நான்கு குழாயும் ஒன்றாக இருமின.

"அன்பார்ந்த பொதுமக்களே," என்றது அவன் குரல். "ஆடி பதினெட்டுல எம் பொண்டாட்டி வச்ச பெல்ட்டு சரியாத்தான் இருந்துது. அவ வீட்டுக்குப் போன நேரம் பாத்து நாந்தான் போல்ட்டைத் திருப்புனேன். மத்தியானம் அவ சொன்னது பொய்யி, என்னைய எறக்குததுக்குச் சொன்ன பொய்யி." குழாய்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டன. "ரொம்ப ஒண்ணும் இல்ல. அரைத் திருப்புத்தான்."

சொர்ணக்கனி தட்டைப் போட்டுவிட்டு, ஈரக் கையாலேயே அடுப்படி ஜன்னலைப் படாரென்று திறந்தாள்.

"முக்கால்!" என்று கத்தினாள்.

மைக் இல்லாமலே அது தேரிக்கும் கேட்டது, மாதா கோயிலுக்கும் கேட்டது, மெயின்ரோட்டு டீக்கடையில் வேனை நிறுத்தியிருந்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் கேட்டது. குழாய்கள் கொஞ்ச நேரம் கரகரத்தன.

"சரி, முக்கால்," என்றான் லிங்கதுரை.